மோட்டார் ரூமில் டீசலும் மருந்தும்: கிணற்றைக் காப்பது எப்படி?

கேள்வி: “எங்கள் தோட்டத்தில் குடிப்பதற்கும் பாசனத்துக்கும் ஒரே கிணறுதான். கிணற்றை ஒட்டியுள்ள மோட்டார் ரூமில் டீசல் பேரல், பூச்சிமருந்து, களைக்கொல்லி எல்லாம் வைத்திருக்கிறோம். ஒரு வாரமாகத் தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் படலம் மிதக்கிறது. இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா? டீசல் வைத்துக்கொள்ள உரிமம் வாங்க வேண்டுமா?”
- வாசகி ஒருவர், ஈரோடு மாவட்டம்.

பதில்: சகோதரி, விவரம் தெரியும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். மாட்டுக்கும் வைக்காதீர்கள்.

படலம் என்றாலே டீசல் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இரும்புச்சத்து உள்ள தண்ணீரிலும் இப்படிப் படலம் வரும். ஒரு வாளித் தண்ணீரை மொண்டு, படலத்தைக் குச்சியால் கலைத்துப் பாருங்கள். கண்ணாடிச் சில்லுபோல உடைந்து தனித்தனியாக நின்றால் அது பெரும்பாலும் இரும்பு. கலைத்த இடம் உடனே மூடிக்கொண்டு, டீசல் வாடையும் அடித்தால் அது எண்ணெய்.

எண்ணெய்தான் என்றால் காய்ச்சுவதாலோ, பிளீச்சிங் பவுடர் போடுவதாலோ பலன் இல்லை. இவை கிருமியைக் கொல்லும். டீசலையும் பூச்சிமருந்தையும் நீக்காது. டீசல் தண்ணீரைவிட லேசானது, மேலேயே மிதக்கும். எனவே சணல் சாக்கையோ வைக்கோல் கட்டையோ கயிற்றில் கட்டி மேலிருந்தே இறக்கி, படலத்தை ஒற்றி எடுங்கள். யாரும் கிணற்றுக்குள் இறங்கக் கூடாது. உள்ளே காற்று கெட்டிருக்கலாம். நனைந்த சாக்கை வாய்க்காலில் வீசாமல் மூடியுள்ள தகர டின்னில் போட்டு வையுங்கள். பிறகு தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுக்கும்போது, எண்ணெய், பூச்சிமருந்து என்ற சந்தேகத்தைச் சொல்லிக் கேளுங்கள். வழக்கமான சோதனையில் உப்பு, கடினத்தன்மை போன்றவற்றைத்தான் பார்ப்பார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, ஓரிடத்தில் மொத்தம் 2,500 லிட்டர் வரை டீசல் வைத்துக்கொள்ள உரிமம் தேவையில்லை. ஆனால் எந்தக் கொள்கலனும் 1,000 லிட்டருக்கு மேல் கொள்ளக் கூடாது. பெட்ரோல் சட்டென்று தீப்பற்றும் என்பதால் வரம்பு குறைவு: விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர் வரைதான். அதையும் இறுக்கமாக மூடிய உலோகக் கேனில், கேன் ஒன்றுக்கு 25 லிட்டருக்கு மிகாமல் வைக்க வேண்டும். உங்கள் ஒரு பேரலுக்கு உரிமம் வேண்டியதில்லை. ஆனால் உரிமம் வேண்டாம் என்பதால் கிணற்றோரம் வைக்கலாம் என்று ஆகிவிடாது.

பேரலுக்கு ஒரு தொட்டி

பேரலை கிணற்றிலிருந்து முடிந்தால் 100 அடி தள்ளி, நிலச்சரிவின் கீழ்ப்பக்கம், கூரைக்குக் கீழே வையுங்கள். தரையில் சிமென்ட் பூசி, 4 அடிக்கு 4 அடி இடத்தைச் சுற்றி 6 அங்குல உயரத்துக்கு வரப்புபோலக் கட்டுங்கள். அதற்குள் சுமார் 226 லிட்டர் பிடிக்கும். 200 லிட்டர் பேரல் முழுதும் கசிந்தாலும் வெளியே போகாது. பேரலை அதற்குள் ஸ்டாண்டு போட்டு, தரையில் படாமல் கிடத்துங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் கண்ணில் படும். குழாயும் தொட்டிக்குள்ளேயே இருக்கட்டும். சிந்தினால் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல், மணலோ மரத்தூளோ போட்டு ஒற்றி எடுங்கள். இன்ஜினில் வடித்த கழிவு ஆயிலையும் வாய்க்காலில் ஊற்றாமல் டின்னில் சேர்த்து, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேரும்படி பாருங்கள்.

மருந்துக்குத் தனி அலமாரி

பூச்சிமருந்தை டீசல், விதை, உரம், தீவனம் எதனுடனும் சேர்த்து வைக்க வேண்டாம். களைக்கொல்லியைப் பூச்சிமருந்திலிருந்தும் பிரித்து, தனிப் பூட்டுள்ள அலமாரியில் வையுங்கள். 2,4-டி தெளித்த தெளிப்பானைச் சரியாகக் கழுவாமல் பருத்திக்கு எடுத்துப் போய் இலை சுருண்டு கிடந்ததைப் பல வயல்களில் பார்த்திருக்கிறேன். மருந்து அதன் அசல் டப்பாவிலேயே, லேபிளோடு இருக்க வேண்டும். குளிர்பான பாட்டிலுக்கு மாற்றினால் பிள்ளைகள் குடித்துவிடுவார்கள். டப்பாவில் உள்ள முக்கோணம் சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள், நீலம், பச்சை என்று நஞ்சின் கடுமை படிப்படியாகக் குறையும். பச்சை என்றாலும் அது மருந்துதான். யாராவது டீசலையோ மண்ணெண்ணெயையோ விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். 108-ஐ அழையுங்கள், டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

காலி டப்பாக்கள்

இதில் என் தவறையும் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விவசாயியிடம், “காலி டப்பாக்களைப் புதைத்துவிடுங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். எங்கே என்று சொல்லவில்லை. அடுத்த முறை போனபோது கிணற்று மேட்டிலேயே குழி தோண்டிப் புதைத்திருந்தார், கழுவாமலே. “நீங்கதானே சார் சொன்னீங்க” என்றார். மறுபடி தோண்டி எடுத்தோம். அன்று முதல் எதைச் சொன்னாலும் எங்கே, எப்படி என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளும் இதைத்தான் சொல்கின்றன: காலி டப்பாவை மறுபடி பயன்படாதபடி உடைத்து, குடியிருப்புக்குத் தொலைவில் புதைக்க வேண்டும், நீர் மாசுபடக் கூடாது. அதற்கு முன் கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மூடிக் குலுக்கி, அதைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றுங்கள். இப்படி மூன்று முறை. மருந்தும் வீணாகாது. பிளாஸ்டிக் டப்பாவை எரிக்காதீர்கள், அந்தப் புகையும் நஞ்சு.

சகோதரி, இன்றே பேரலின் அடியையும் குழாயையும் தடவிப் பாருங்கள். கை ஈரமானால் முதலில் பேரலை மாற்றுங்கள், பிறகு கிணற்றைச் சுத்தம் செய்யுங்கள். கசிவை நிறுத்தாமல் கிணற்றை இறைத்தால் அடுத்த வாரமும் இதே படலம்தான் வரும்.