வெடித்த கண்மாய்



உடுப்பி என்றதும் நம்மில் பலருக்கு நாக்கில்தான் நினைவு ஊறும். எனக்கும் அப்படித்தான். ஒன்பது துளைச் சாளரம் வழியே கிருஷ்ணனைப் பார்த்துவிட்டு, மசால் தோசையோடு திரும்பிவிடலாம் என்றுதான் அம்மாவைக் கூட்டிப் போயிருந்தேன். விடுதிப் பையன் ஒருவன் மால்பே பக்கம் கைகாட்டிவிட்டான்.

மால்பே துறைமுகத்திலிருந்து படகில் கொஞ்ச நேரம்தான், செயின்ட் மேரீஸ் தீவு வந்துவிடும். தென்னை, கிளிஞ்சல், செல்ஃபி எல்லாம் எந்தத் தீவிலும் உண்டு. இங்கே பார்க்க வேண்டியது கல்.

கரையோரம் முழுக்கக் கல்தூண்கள். சில ஆளைவிட உயரம். சில கணுக்கால் உயரத்தில் நின்றுவிட்டவை; அவற்றின் தலைமேல் நடந்தால் தளக்கல் பாவிய முற்றம்போல இருக்கிறது. அம்மா குனிந்து விரல்வைத்து எண்ணினார். ஆறு பக்கம். அடுத்ததும் ஆறு. அப்புறம் ஒன்று ஐந்து.

“யாருடா இத அடுக்குனது?”

“யாரும் அடுக்கலம்மா.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “கோடையில நம்ம கண்மாய் வெடிச்சுக் கெடக்கும்ல, அது மாதிரில்ல இருக்கு” என்றார்.

அறிவிப்புப் பலகையைத் தேடிக்கொண்டிருந்தவன் நின்றுவிட்டேன். புவியியலாளர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன், மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிந்த காலத்தில் பொங்கிய எரிமலைக் குழம்பு இது. வண்டல் நீரை இழந்து சுருங்குகிறது. குழம்பு சூட்டை இழந்து சுருங்குகிறது. சுருங்கும்போது மேலே வெடிப்பு விழுகிறது. உள்ளே ஆற ஆற வெடிப்பும் கூடவே இறங்குகிறது. கண்மாயில் சாண் ஆழத்தோடு நின்றுபோவது, இங்கே தூண் தூணாக நீண்டுவிட்டது. தக்காண எரிமலைப் பாறைகளைவிட இதற்கு இரண்டு கோடி ஆண்டு மூப்பு. தேசியப் புவியியல் நினைவுச் சின்னம் என்ற பட்டமும் உண்டு. வாஸ்கோ ட காமா 1498இல் இங்கே இறங்கிப் பெயர் வைத்தார் என்பார்கள். அம்மாவுக்கு அதில் அக்கறை இல்லை.

போகிறவர்கள் மழைக்காலத்தைத் தவிருங்கள், படகு ஓடாது. தீவில் தங்க முடியாது. வழுக்காத செருப்பு முக்கியம். என் முழங்கால் இதை இன்னும் வலியுறுத்துகிறது. தூண் இடுக்கில் யாரோ செருகியிருந்த சிப்ஸ் பாக்கெட்டை அம்மா உருவித் தன் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டார்.

உங்கள் ஊர்ப்பக்கமும் இப்படி ஒரு பாறை இருந்தால் எழுதுங்கள். வீட்டுப் பெரியவர்கள் அதைப் பார்த்து என்ன சொன்னார்கள் என்பதையும் சேர்த்து.

படகுக்காரர் விசில் அடித்தார். கிளம்பும்முன் அம்மா ஒரு தூணின் தலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“இன்னும் ஆறலையேடா.”

உச்சி வெயில் என்று நான் சொல்லவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்