கட்டாய கிராமப் பணி: காலியிடம் ஒன்று, அனுப்பப்படுபவர் வேறு

புது தில்லி: புதிதாகப் பட்டம் பெறும் மருத்துவர்கள் எங்கே தொழில் நடத்தலாம், எங்கே பணியாற்றியே தீர வேண்டும் என்பதை அரசு வரையறுக்கலாமா? இந்தக் கேள்வி கடந்த இருபது ஆண்டுகளில் பலமுறை தலைநகரில் எழுந்து அடங்கியிருக்கிறது. சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: கிராமங்களில் மருத்துவர் இல்லை. முன்வைக்கப்படும் தீர்வும் ஏறக்குறைய ஒன்றுதான்: எம்.பி.பி.எஸ். முடித்து வெளியே வரும் இளைஞரை ஓராண்டுக்குக் கிராமத்துக்கு அனுப்பிவிடு. காரணம் உண்மையானது. ஆனால் அந்தத் தீர்வு அந்தக் காரணத்துக்குப் பொருந்துகிறதா என்பதை நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் விரிவாக அலசியவர்கள் குறைவு.

இந்த விவாதம் தேசிய அளவில் சூடுபிடித்தது 2007-ம் ஆண்டில். அன்றைய மத்திய சுகாதாரத் துறை அமைச்சர் அன்புமணி ராமதாஸ், ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ். படிப்பை ஆறரை ஆண்டாக்கி, கூடுதலான ஓராண்டைக் கிராமப் பணிக்கு ஒதுக்கும் யோசனையை முன்வைத்தார். ஆரம்ப சுகாதார நிலையம், சமுதாய சுகாதார நிலையம், மாவட்ட மருத்துவமனை ஆகியவற்றில் தலா நான்கு மாதம் என்று அந்த ஓராண்டு பிரிக்கப்பட்டது. மாணவர்களின் கருத்தறிய சாம்பசிவ ராவ் தலைமையில் ஒரு குழுவும் அமைக்கப்பட்டது. தமிழகத்தைச் சேர்ந்த அமைச்சர் கொண்டுவந்த யோசனைக்குத் தமிழகத்தில்தான் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. அரசு மருத்துவக் கல்லூரி மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்து வீதிக்கு வந்தனர்.

நகரச் சொகுசை விட மனமில்லாதவர்களின் போராட்டம் என்று அதை அப்போது பலர் வர்ணித்தனர். அதில் ஓரளவு உண்மை இருந்திருக்கலாம். இருபத்து மூன்று வயதில் நகரத்தை விட்டுச் செல்ல விரும்பாதவர்கள் மருத்துவர்கள் மட்டுமல்லர். ஆயினும் மாணவர்கள் எழுப்பிய ஒரு வாதத்துக்குக் கடைசி வரை நேரடியான பதில் கிடைக்கவில்லை. ஆண்டுதோறும் ஒரு தொகுதி மாணவர்கள் குறைந்த உதவித்தொகையில் கிராமத்துக்கு வந்துகொண்டே இருந்தால், அங்கே முழு ஊதியத்துடன் நிரந்தர மருத்துவரை எந்த அரசு நியமிக்கும் என்பதே அந்த வாதம்.

2013-ல் குலாம் நபி ஆசாத் சுகாதாரத் துறை அமைச்சராக இருந்தபோது அதே யோசனை வேறு உருவில் வந்தது. ஓராண்டு கிராமப் பணி முடித்தவர்களே முதுநிலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வை எழுதலாம் என்றது புதிய விதி. மாணவர்கள் தில்லியிலும் பிற நகரங்களிலும் எதிர்த்தனர். அதுவும் நடைமுறைக்கு வரவில்லை.

யாருக்குப் பற்றாக்குறை?

மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட ஊரகச் சுகாதாரப் புள்ளிவிவரங்களைப் புரட்டினால் ஒரு விந்தை தெரியும். 2021-22-ம் ஆண்டு அறிக்கையின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களில் தேவைக்கும் இருப்புக்கும் இடையே மருத்துவர் பற்றாக்குறை நாடு முழுமைக்கும் சேர்த்து சுமார் 3 சதவீதம். இது நிலையத்துக்கு ஒருவர் என்ற குறைந்தபட்சக் கணக்கு; மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை பெரிதும் மாறுபடும் என்பதையும், பட்டியலில் இருக்கும் மருத்துவர் நாற்காலியிலும் இருக்கிறாரா என்பதை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆனால் அதே அறிக்கையில் சமுதாய சுகாதார நிலையங்களுக்கான பக்கத்தைப் பார்த்தால், சிறப்பு மருத்துவர்களின் பற்றாக்குறை கிட்டத்தட்ட 80 சதவீதம். அறுவை சிகிச்சை, மகப்பேறு, குழந்தை நலம், பொது மருத்துவம் என நான்கு பிரிவுகளிலும் ஒவ்வொரு சமுதாய நிலையத்திலும் ஒரு நிபுணர் இருக்க வேண்டும் என்பது விதி. ஐந்து இடங்களில் நான்கு காலி என்பது நிலவரம்.

மாவட்டத் தலைநகரிலிருந்து எழுபது, எண்பது கிலோமீட்டர் தொலைவில் நள்ளிரவில் பிரசவம் சிக்கலாகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே அந்த நேரத்தில் வேண்டியவர்கள் மகப்பேறு மருத்துவரும், மயக்கவியல் நிபுணரும்; கூடவே ரத்தம் வேண்டும். நேற்று பட்டம் வாங்கிய எம்.பி.பி.எஸ். மருத்துவரால் அங்கே சிசேரியன் செய்ய முடியாது. அவர் செய்யக் கூடியது, பெரிய மருத்துவமனைக்கு ஒரு பரிந்துரைச் சீட்டு எழுதி ஆம்புலன்சை அழைப்பது. அதுவும் தேவையான பணிதான். ஆனால் ஓராண்டுக் கட்டாயப் பணி என்ற பெயரில் நாடு பெற்றுக்கொள்வது பெரும்பாலும் அவ்வளவே. அந்த ஓராண்டில் அவர் மேசையின் ஒரு பக்கம் நோயாளிகளும் மறுபக்கம் நீட் முதுநிலைத் தேர்வுக்கான வினாத் தொகுப்பும் இருக்கும் என்பது துறையில் உள்ள அனைவரும் அறிந்ததே.

தேசிய விதி வரவில்லையே தவிர, மாநிலங்கள் சும்மா இருக்கவில்லை. அரசுக் கல்லூரியில் இடம் பெறும்போதே மாணவர்களிடம் பணி ஒப்பந்தப் பத்திரம் எழுதி வாங்கும் வழக்கம் பல மாநிலங்களில் வேரூன்றிவிட்டது. தமிழர்கள் பெருமளவில் வாழும் மகாராஷ்டிரம் இதற்கு நல்ல உதாரணம். தாராவி, மாதுங்கா, செம்பூர் பகுதிகளில் காலூன்றி, பின்னர் கடற்கழியைத் தாண்டி வாஷி, சான்பாடா, நெரூல் என்று நவி மும்பையில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் மருத்துவக் கல்வி இன்று எட்டாக் கனி அல்ல. சான்பாடாவில் ஹார்பர் ரயிலைப் பிடித்து சாண்டர்ஸ்ட் ரோட்டில் இறங்கினால், ஜே.ஜே. மருத்துவமனையுடன் இணைந்த கிராண்ட் அரசு மருத்துவக் கல்லூரி. தாராவியை ஒட்டி மாநகராட்சியின் சயான் மருத்துவமனையும் அதன் கல்லூரியும். இவற்றில் சேரும் மாணவர் படிப்பு முடித்ததும் ஓராண்டு அரசு சொல்லும் இடத்தில் பணியாற்ற வேண்டும். அந்த இடம் நந்துர்பாராகவோ கட்சிரோலியாகவோ இருக்கலாம். மறுத்தால் எம்.பி.பி.எஸ். முடித்தவருக்கு 10 லட்சம், முதுநிலைப் பட்டதாரிக்கு 50 லட்சம், உயர் சிறப்புப் படிப்பு முடித்தவருக்கு 2 கோடி ரூபாய் என்று தண்டத் தொகை உயர்த்தப்பட்டது.

இந்த ஏற்பாட்டின் பலன் என்ன? பணிக்கும் செல்லாமல், தண்டமும் கட்டாமல் இருந்த நான்காயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்களைத் தேடி நோட்டீஸ் அனுப்பும் நிலைக்கு மகாராஷ்டிர மருத்துவக் கல்வி இயக்ககம் 2018 வாக்கில் தள்ளப்பட்டது. பத்திரம் என்பது அடிப்படையில் ஒரு விலைப்பட்டியல். வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கு 10 லட்சம் என்பது விடுதலைச் சீட்டு. கடன் வாங்கிப் படித்த வீட்டுப் பிள்ளைக்கு அது கட்டளை.

இதைவிட உறுத்தலான முரண்பாடு வேறொன்று. பத்திரங்களின் முழு பாரமும் விழுவது அரசு, மாநகராட்சிக் கல்லூரிகளில் தகுதி அடிப்படையில் இடம் பெற்றவர்கள் மீதே. நிர்வாக ஒதுக்கீட்டில் பெருந்தொகை கட்டிப் படித்தவர் பட்டம் பெற்ற மறுநாளே விரும்பிய நகரத்தில் பெயர்ப் பலகை மாட்டலாம். அரசு உங்களுக்காகச் செலவிட்டது, திருப்பித் தாருங்கள் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். அந்த நியாயம் ஐ.ஐ.டி.களில் அரசுச் செலவில் படித்து வெளிநாடு செல்லும் பொறியாளரிடம் ஏன் கேட்கப்படுவதில்லை என்று மருத்துவ மாணவர்கள் கேட்டால், அமைச்சகத்தில் புன்னகைதான் பதில்.

சட்டப் பிரச்சினை ஓரளவு முடிந்துவிட்டது. தொழில் புரியும் உரிமை, விரும்பிய இடத்தில் வசிக்கும் உரிமை ஆகியவற்றை இந்தப் பத்திரங்கள் பறிக்கின்றன என்று மருத்துவர்கள் தொடுத்த வழக்கில், 2019 ஆகஸ்டில் நீதிபதிகள் எல். நாகேஸ்வர ராவ், ஹேமந்த் குப்தா அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு பத்திரங்கள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஏழைகளின் சுகாதார உரிமை தனிமனிதரின் தொழில் உரிமையைவிட எடை கூடியது என்று நீதிமன்றம் கருதியது. மாநிலத்துக்கு மாநிலம் பத்திர விதிகள் மாறுபடுவதைக் கவனித்த நீதிபதிகள், ஒரே சீரான கொள்கை வகுக்கலாம் என்றும் மத்திய அரசுக்கு யோசனை கூறினர். அதற்காக அமைக்கப்பட்ட அதானி குழு 2020-ல் அறிக்கை தந்தது. மருத்துவக் கவுன்சிலின் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையமோ, பத்திர முறை வந்த காலத்துக்குப் பிறகு நாட்டில் மருத்துவக் கல்வி வெகுவாக மாறிவிட்டது, எனவே அந்த முறையையே மறுபரிசீலனை செய்யலாம் என்ற கருத்தை 2021-ல் தெரிவித்தது. நீதிமன்றம் செல்லும் என்றதை, கண்காணிப்பு அமைப்பு தேவைதானா என்று கேட்டது கவனிக்கத்தக்கது.

தமிழகத்தின் வழி:

தமிழகம் வேறொரு பாதையில் நடந்தது. கிராமப் பணிக்குச் செல்லும் அரசு மருத்துவருக்கு முதுநிலை இடங்களில் 50 சதவீத ஒதுக்கீடு என்பதே அந்தப் பாதை. கிராமத்தில் சில ஆண்டுகள் பணியாற்றினால் மகப்பேறோ அறுவை சிகிச்சையோ படிக்கலாம். படித்தபின் அரசுப் பணிக்கே திரும்பி வரவேண்டும். இதனால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எம்.பி.பி.எஸ். மருத்துவரும் கிடைத்தார், சில ஆண்டுகள் கழித்து தாலுகா மருத்துவமனைக்கு நிபுணரும் கிடைத்தார். மேலே சொன்ன 80 சதவீதப் பள்ளத்தை நிரப்பும் வழி இதுதான் என்பது எனது கருத்து. பேறுகால இறப்பைக் குறைப்பதில் தமிழகம் தேசிய சராசரியைவிட முன்னே நிற்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று.

அந்த ஏற்பாட்டைக் குலைத்தது கிராமத்தின் பெயரால் பேசிய தில்லியின் விதிதான். மருத்துவக் கவுன்சிலின் முதுநிலைக் கல்வி விதிகளைக் காரணம் காட்டி 2017-ல் பட்டப் படிப்புகளுக்கான இந்த ஒதுக்கீடு நீதிமன்றத்தில் அடிபட்டது. அதற்கு மாற்றாகச் சொல்லப்பட்டது, கடினப் பகுதிகளில் பணியாற்றிய ஆண்டுகளுக்கு அதிகபட்சம் 30 சதவீத ஊக்க மதிப்பெண். தமிழகத்து அரசு மருத்துவர்கள் போராடினார்கள், வழக்கு நடத்தினார்கள். இறுதியில் 2020 ஆகஸ்ட் 31-ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, இத்தகைய ஒதுக்கீடு வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. உயர் சிறப்புப் படிப்புகளில் தமிழக அரசு கொண்டுவந்த 50 சதவீத ஒதுக்கீட்டை 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. இழந்த மூன்று ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு என்று அவையில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

தமிழகத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்வதற்கில்லை. சேவையில் சேராமல் முதுநிலை படிப்போரிடம் இங்கும் பத்திரம் வாங்கப்படுகிறது. இரண்டாண்டாக இருந்த பணிக்காலம் 2023-ல் ஓராண்டாகக் குறைக்கப்பட்டது. அரசு மருத்துவர்களின் ஊதியக் கோரிக்கை ஆண்டுக்கணக்கில் இழுபடுகிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2,553 உதவி மருத்துவர் இடங்களுக்கு 2025 ஜனவரியில் தேர்வு நடத்தியபோது, இடங்களைப்போலப் பல மடங்கு இளம் மருத்துவர்கள் தேர்வெழுதினர். நிரந்தர வேலை, முதுநிலைக்கு ஒரு வழி என்று இரண்டும் இருந்தால் இளம் மருத்துவர் ஓடி ஒளிவதில்லை. நாடு முழுவதும் 2014-ல் சுமார் 51 ஆயிரமாக இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் 2024-ல் 1 லட்சத்து 18 ஆயிரமாகிவிட்ட நிலையில், வரும் ஆண்டுகளில் இந்த வரிசை இன்னும் நீளும். அரசுப் பணியிடங்கள் அந்த வேகத்தில் பெருகவில்லை.

உலகிலும் இரு வழிகளும் உண்டு. ஜப்பானில் 1972-ல் தொடங்கப்பட்ட ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம், ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் மாணவர்களைத் தேர்ந்து, செலவை ஏற்று, பட்டத்துக்குப் பின் ஒன்பது ஆண்டுகள் சொந்த மாகாணத்தில் பணியாற்றச் செய்கிறது. நிபந்தனை தெரிந்தே மாணவர் சேருகிறார். கனடாவின் கியூபெக் மாகாணமோ, புதிய மருத்துவர்கள் முதல் ஐந்தாண்டு அரசுச் சுகாதார அமைப்பிலேயே இருக்க வேண்டும் என்று 2025-ல் சட்டம் இயற்றியது. மகாராஷ்டிரமும் 2019-ல் ஜப்பானிய வழியை எட்டிப் பார்த்தது. மருத்துவ இடங்களில் இளநிலையில் 10 சதவீதமும் முதுநிலையில் 20 சதவீதமும், முறையே ஏழு, ஐந்து ஆண்டுகள் பின்தங்கிய பகுதிகளில் பணியாற்ற முன்வருவோருக்கு ஒதுக்கும் மசோதாவுக்கு அந்த அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மீறினால் ஐந்தாண்டு சிறை என்று சேர்த்ததுதான் நெருடல்.

கிராமத்திலிருந்து வந்த மாணவரே கிராமத்தில் தங்கும் வாய்ப்பு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-ல் வெளியிட்ட பரிந்துரைகள் கூறுகின்றன. அந்த வகையில், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தர தமிழகம் 2020-ல் இயற்றிய சட்டம், கட்டாயப் பணி விதிகளைவிட நீண்ட காலப் பலன் தரக்கூடும். அந்த முதல் தொகுதி மாணவர்கள் இப்போதுதான் மருத்துவர்களாக வெளிவரும் கட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் எங்கே பணியில் அமர்கிறார்கள் என்பதை சுகாதாரத் துறை இப்போதே கணக்கெடுக்கத் தொடங்குவது நல்லது.

மத்திய அரசு சீரான கொள்கை ஒன்றைக் கொண்டுவருமானால், அதில் பார்க்க வேண்டியவை மூன்று. தனியார் கல்லூரி மாணவருக்கும் அது பொருந்துமா. நிபுணர் இடங்களை நிரப்ப அதில் வழி உண்டா. 2020 தீர்ப்பு மாநிலங்களுக்கு உறுதி செய்த ஒதுக்கீட்டு அதிகாரத்தில் அது கை வைக்குமா. பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலிலும் மருத்துவக் கல்வி பொதுப் பட்டியலிலும் இருப்பதால், மூன்றாவது கேள்வியைத் தமிழக உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி முதலில் எழுப்ப வேண்டியிருக்கும்.