தேன்குழல் அச்சிலிருந்து 3டி பிரின்டர் வரை: கடல்பாசிக்கு அங்கே என்ன வேலை?

அரியக்குடி, காரைக்குடி பக்கம் தேன்குழல் பிழிகிறவர்களுக்கு 3டி உணவு பிரின்டர் பற்றிப் பெரிய விளக்கம் தேவையில்லை. மாவு அச்சில் சுலபமா இறங்கணும். வெளியே வந்ததும் கலையாமல் நிற்கணும். பிரின்டருக்கும் இதே இரண்டு நிபந்தனைதான். தஞ்சாவூரில் உள்ள மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், நிஃப்டெம், இந்த வகை பிரின்டரை உருவாக்கியிருக்கிறது.

சிக்கல் சத்து சேர்க்கும்போது வருகிறது. வைட்டமின் டி, மஞ்சளின் குர்குமின் எல்லாம் எண்ணெயில் கரைபவை. அந்த எண்ணெயைத் தண்ணீரில் நுண்துளிகளாகக் கலக்க வேண்டும். மயோனைஸ் மாதிரியான இந்தக் கலவைதான் எமல்ஷன். சும்மா விட்டால் எண்ணெய் தனியே பிரிஞ்சிடும். கடல்பாசியில் இருந்து எடுக்கும் காரஜீனன், அல்ஜினேட், அகர் போன்றவை தண்ணீரைக் கெட்டியாக்கி, துளிகள் ஒன்றுசேராமல் பிடித்து வைக்கின்றன. அழுத்தினால் கலவை இளகி ஓடும், அழுத்தம் போனதும் மறுபடி கெட்டியாகும். விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கு, கூழாக இல்லாமல் உருவத்தோடு மென்மையான சாப்பாடு தருவது இந்த ஆய்வுகளின் முக்கிய இலக்குகளில் ஒன்று.

பாசியைச் சாப்பிடுவது நமக்குப் புதுசு இல்லை. நோன்பு திறக்கும் நேரத்துக் கடல்பாசி அகர்தான். சாக்லேட் பால் பாக்கெட்டில் '407' என்ற எண் இருந்தால் அது காரஜீனன். ராமநாதபுரம் கரையில் ஒரு பாசிக்குப் பெயரே கஞ்சிப்பாசி!

பாசி இருக்கு, பணம் எங்கே?

காரஜீனன் தரும் கப்பாபைகஸ் பாசியை பெப்சிகோ 2000-களின் தொடக்கத்தில் இங்கே பரவலாக்கியது. மூங்கில் தெப்பத்தில் வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் மீனவப் பெண்கள். பச்சைப் பாசியைப் பிழிந்தால் வரும் சாறு பயிர் ஊக்கியாகிறது, சக்கையில் இருந்து காரஜீனன் கிடைக்கிறது. சிவகங்கை மாவட்டம் மானாமதுரையிலேயே இதற்கான ஆலை உண்டு. ஆனால் வளர்ப்பவர் கைக்கு வருவது பாசியின் கிலோ விலை மட்டுமே. உணவுத் தரத்துக்குச் சுத்திகரிக்கும் இடத்தில்தான் மதிப்பு கூடுகிறது.

அதனால்தான் தொண்டி அருகே வளமாவூரில் 127.71 கோடி ரூபாயில் வரும் கடல்பாசிப் பூங்கா கவனிக்கப்படுகிறது. அடிக்கல் 2023 செப்டம்பரில் நாட்டப்பட்டது. அங்கே நாற்றும் உலர்களமும் மட்டும் வருமா, சுத்திகரிப்பும் வருமா என்பதுதான் அந்தப் பெண்களின் வருமானத்தைத் தீர்மானிக்கும்.

இன்னொரு பக்கம், கப்பாபைகஸ் நம்ம கடலின் பாசி அல்ல. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் அது பவளப்பாறைகள் மேல் படர்ந்ததை 2008-லேயே ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். வளர்ப்பைப் பெருக்க நினைக்கும் எந்தத் திட்டமும் முதலில் இதற்குப் பதில் சொல்லியாகணும்.