கால் ஓய்ந்த பிறகு

ஆரணிக்குப் பக்கத்தில் முள்ளிப்பட்டு என்று ஓர் ஊர். பட்டுத் தறியை நம்பிப் பிழைக்கிற ஊர். சென்ற வாரம் அங்கே ஒரு வீட்டில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் மூத்த மகன் நெய்துகொண்டிருந்தான். பக்கத்தில் கண் மங்கிய தாத்தா சுவரில் சாய்ந்திருந்தார். வீட்டுக்கார அம்மாள் ராட்டையில் தார் சுற்றியபடியே தன் குறையைக் கொட்டினாள்.

"சின்னவன் எந்நேரமும் பந்து, பந்துன்னு ஓடறான். இந்த ஓட்டமெல்லாம் முப்பது வயசு வரைக்கும்தானே? கால் ஓஞ்சா சோத்துக்கு என்ன பண்ணுவான்? நீங்களே சொல்லுங்க!"

நியாயமான கேள்வி. பந்தாடும் பிள்ளையைப் பெற்ற தாய்மார்கள் உங்களிலும் இருப்பீர்கள். ஆகவே அவளுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

பிரதீப் குமார் பானர்ஜி, சுருக்கமாக பி. கே., 1936-ல் வங்காளத்தின் ஜல்பைகுரியில் பிறந்தவர். வலது ஓரமாகப் பந்தைக் கொண்டு பாய்ந்து கோல் போடும் முன்னணி ஆட்டக்காரர். 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நம் நாடு நான்காவது இடம் பெற்றபோது அவருக்கு இருபது வயது. 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் அவரே காப்டன். பிரான்சுக்கு எதிராகச் சமனில் முடிந்த ஆட்டத்தில் கோல் போட்டார். 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதிப் பந்தயத்தில் தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கினோமே, அதில் முதல் கோல் அவருடையது.

கல்கத்தாவில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று இரண்டு பெரிய கோஷ்டிகள். சம்பந்தி சண்டையெல்லாம் அவர்கள் சண்டைக்கு முன்னால் தூசி! பி. கே. அந்த இரண்டிலுமே ஆடியதில்லை. கிழக்கு ரயில்வே கோஷ்டியோடு நின்றுவிட்டார். அதுவும் லேசுப்பட்டதல்ல, 1958-ல் கல்கத்தா லீகையே வென்ற கோஷ்டி.

1967-ல், அந்த அம்மாள் பயந்தபடியே ஆயிற்று. காயத்துக்கு மேல் காயம். முப்பத்தோரு வயதில் ஆட்டம் முடிந்தது. ஆனால் மனிதர் முடிந்துவிடவில்லை. கால் ஓய்ந்த இடத்தில் நாக்கு ஆரம்பித்தது!

1972-ல் ஈஸ்ட் பெங்கால் அவரைப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது. பந்தயத்துக்கு முன் பையன்களை உட்காரவைத்துப் பேசுவார். சோர்ந்தவன் துள்ளி எழுவான். அந்தப் பேச்சுக்கு 'வோக்கல் டானிக்' என்றே பெயர் வந்துவிட்டது. 1975 செப்டம்பர் 30-ம் தேதி, ஐ. எஃப். ஏ. கேடய இறுதிப் பந்தயத்தில் மோகன் பகானை 5-0 என்று தோற்கடித்தார்கள். அப்போது மோகன் பகானில் இருந்தவர் யார் தெரியுமா? பி. கே.யின் சொந்தத் தம்பி பிரசூன்! அன்றிரவு அந்தக் குடும்பத்தில் சாப்பாடு எப்படி இறங்கியிருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன்.

மறு வருஷமே மோகன் பகான் அவரை அழைத்துக்கொண்டது. 1977-ல் பீலே காஸ்மாஸ் கோஷ்டியோடு கல்கத்தா வந்தபோது, இவருடைய பையன்கள் 2-2 என்று சமமாக ஆடினார்கள். ஆடாத இரண்டு வீடுகளும் அவரைக் குருவாக ஏற்றுக்கொண்டன. 1997-ல்கூட, அறுபது தாண்டிய வயதில், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கூட்டத்தின் முன்னால் அவருடைய ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 4-1 என்று வென்றது. 2020-ல் காலமாகும் வரை மரியாதை குறையவில்லை.

"எல்லாரும் பி. கே. ஆகிவிட முடியாதும்மா" என்றும் சொன்னேன். ஆடும் காலத்தில் அவருக்கு ரயில்வே உத்தியோகம் இருந்தது. ஆட்டம் மட்டுமே போதாது. அதைப் புரிந்துகொள்ளும் புத்தியும், பிறருக்குச் சொல்லும் பொறுமையும் வேண்டும்.

அம்மாள் பதில் சொல்வதற்குள் தாத்தா தலையை நிமிர்த்தினார். "டேய், நில்லு. சத்தம் மாறுது. இழை அறுந்திருக்கு, பாரு!"

பேரன் தறியை நிறுத்திப் பார்த்தான். அறுந்துதான் இருந்தது.

அம்மாள் மாமனாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு தெருப்பக்கம் திரும்பி, "இருட்டறதுக்குள்ள வந்துடுடா!" என்று மட்டும் குரல் கொடுத்தாள்.