பொறியா? அறையா?

நம் மன்றத்தின் அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வரவிருக்கிறது. தில்லிவாழ் தமிழ் மூதாட்டியரின் தாலாட்டையும் நடவுப் பாட்டையும் ஒப்பாரியையும் ஒலிப்பதிவு செய்து காப்பது என்பது அதன் முற்பகுதி. அதற்காகத் திரட்டிய நிதியைக் கொண்டு ஆற்றல் மிக்க புதிய மேசைக் கணிப்பொறி ஒன்று வாங்குவது என்பது பிற்பகுதி. முற்பகுதியை இரு கரம் உயர்த்தி ஆதரிக்கிறேன், பிற்பகுதியை எதிர்க்கிறேன். கூட்டத்தில் ஆளுக்குக் கிடைக்கும் மூன்று நிமிடத்தில் காரணங்களைச் சொல்லி முடிக்க இயலாது. ஆதலால் இந்த இதழின் பக்கங்களை நாடினேன். பௌதிகம் படிப்பவன் எதற்கெடுத்தாலும் கணக்குப் போடுவான் என்று தோழர்கள் நகைக்கலாம். நகைக்கட்டும், கணக்கு பொய் சொல்லாது.

முதலில் பொறியின் கணக்கைப் பார்ப்போம். ஒரு குரலை விநாடிக்கு 48,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 24 பிட்டில் எழுதினால், விநாடிக்கு 1,44,000 பைட் ஆகிறது. ஒரு மணி நேரப் பாட்டுக்கு ஏறத்தாழ 520 மெகாபைட். பழைய சுழல்தட்டு கூட விநாடிக்குப் பல பத்து மெகாபைட்டை எழுதவல்லது. பத்து ஆண்டுக்கு முந்தைய மடிக்கணினிக்கு இது ஒரு சுமையா? யானைக்குச் சோளப்பொரி!

“அப்படியானால், பதிவின் நடுவே ‘படபட’ என்று வெடிப்பொலி வருகிறதே, ஏன்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கணிப்பொறி ஒலியைச் சொட்டுச் சொட்டாக வாங்குவதில்லை. குடம் குடமாக வாங்குகிறது. ஒரு குடம் நிரம்புவதற்குள் முந்தைய குடத்தைக் கொட்டிவிட்டு வரவேண்டும். 128 அளவுகள் கொள்ளும் சிறு குடமானால் அதற்கு 2.7 மில்லி விநாடியே அவகாசம். அந்த நேரம் பார்த்துப் பொறி வேறு வேலைக்குப் போய்விட்டால் குடம் வழிந்துவிடும். அந்த வழிதல்தான் வெடிப்பொலி. 1,024 அளவுகள் கொள்ளும் பெருங்குடமானால் 21 மில்லி விநாடி அவகாசம் உண்டு. அப்படியானால் எல்லாரும் ஏன் பெருங்குடத்தையே வைத்துக்கொள்வதில்லை? முன்பே பதிந்த தாளத்தைக் காதில் கேட்டுக்கொண்டு, தன் குரலையும் கணிப்பொறி வழியே கேட்டுப் பாடுகிறவனுக்கு அந்த 21 மில்லி விநாடித் தாமதம் பெருந்தொல்லை. அவனுக்குச் சிறு குடம் வேண்டும். விரைவான பொறியும் உதவும். ஆனால் நாம் பதியப்போவது யாரை? காதுக்கருவி எதுவும் மாட்டிக்கொள்ளாமல், கண்ணை மூடிக்கொண்டு, தன் தாயிடம் கேட்ட பாட்டைத் தனியே பாடப்போகும் பாட்டியை. அவருக்குத் தாமதம் ஒரு பொருட்டன்று. குடத்தைப் பெரிதாக்குங்கள். கம்பியில்லா இணைப்பை அணையுங்கள். தானே புதுப்பித்துக்கொள்ளும் வேலையை நிறுத்துங்கள். மின்சாரச் சிக்கன முறையை எடுத்துவிட்டு, இணைய உலாவியை மூடுங்கள். விண்டோஸ் ஆனால், ஒலிப்பெட்டி செய்தவர் தரும் ஏசியோ இயக்கியை நிறுவுங்கள். இவை எவற்றுக்கும் காசு வேண்டுவதில்லை. ஆடாசிட்டி போன்ற மென்பொருளும் இலவசமே.

இப்போது அறைக்கு வருவோம். வழக்கு அங்கேதான் இருக்கிறது.

1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபம் எதற்கும் உதவாமல் கிடந்தது. பேசியவரின் ஒரு சொல் ஐந்து விநாடிக்கு மேல் சுற்றிச் சுற்றி ஒலித்து அடுத்த சொல்லை விழுங்கிற்று. வாலஸ் சாபின் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம் அதைச் சீர்செய்யும் பொறுப்பு வந்தது. அவர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து, இரவெல்லாம் ஓர் ஆர்கன் குழலும் கடிகாரமும் கொண்டு அளந்தார். மெத்தை கூடக்கூட ஒலியின் ஆயுள் குறைந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் இன்றுவரை வழங்கும் சாபின் சூத்திரம்: அறையின் கனஅளவை 0.161-ஆல் பெருக்கி, ஒலி உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் ஒலி மங்கும் நேரம் கிடைக்கும். கட்டடக்கலையின் ஓர் இயலே மெத்தையிலிருந்து பிறந்தது, பொறியிலிருந்து அன்று.

நம் விடுதியின் அறை 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்று கொள்வோம். கனஅளவு 36. சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 66 சதுர மீட்டர். பூசிய சுவர் நூற்றுக்கு மூன்று பங்கு ஒலியையே உறிஞ்சும் என்றால் உறிஞ்சும் பரப்பு இரண்டு சதுர மீட்டர்தான். வகுத்தால் ஏறத்தாழ 3 விநாடி! கட்டிலும் துணியும் ஆளும் அதைக் குறைப்பார்கள். எனினும் குளியலறைக் கச்சேரிதான். இப்போது மூன்று ரஜாய்களைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளித் தொங்கவிடுங்கள். பத்து சதுர மீட்டர் தேறும். நடுத்தர, உயர்ந்த சுரங்களில் அறுபது விழுக்காடு உறிஞ்சினாலும் உறிஞ்சும் பரப்பு எட்டாகிவிடுகிறது. மூன்று விநாடி முக்கால் விநாடிக்கும் கீழே இறங்குகிறது. எந்த விலையுள்ள கணிப்பொறி இதைச் செய்யும்?

ஆனால் ரஜாய் எல்லாம் வல்லதன்று. கீழ்ச் சுருதி அதற்கு அடங்காது. 30 பாகை வெப்பத்தில் ஒலியின் வேகம் விநாடிக்கு 349 மீட்டர். 4 மீட்டர் நீளத்தில் நிலைகொள்ளும் மூன்றாவது அலை ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ், நான்காவது 174.5. சங்கீதம் அறிந்த தோழர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்! 131 என்பது ஒரு கட்டைச் சுருதியின் சட்சம், 174.5 என்பது அதன் சுத்த மத்திமம். 3 மீட்டர் அகலத்தின் மூன்றாவது அலையும் அதே 174.5-இல் வந்து கைகோத்துக்கொள்கிறது, உயரத்தினுடையதும் அப்படியே. ஒரு கட்டையில் பாடும் ஆடவன் அந்த அறையில் நின்றால் ‘ச’வும் ‘ம’வும் முரசடிக்கும், மற்றைய சுரங்கள் மெலிந்து நிற்கும். குற்றம் பாடகனுடையதன்று, ஒலிவாங்கியினுடையதுமன்று. மூலையில் நின்று பாடுவதைப் போன்ற பிழை வேறில்லை. எல்லா அலைகளும் அங்கே உச்சத்தில் இருக்கும். அகலத்தின் நடுவில், குட்டைச் சுவரிலிருந்து இரண்டடிக்குச் சற்றுக் குறைவாக ஒலிவாங்கியை வைத்து, பின்னால் ஒரு ரஜாயைத் தொங்கவிட்டால் அவ்விரண்டும் பெரிதும் தளரும். பாட்டியின் சுருதி வேறாக இருக்கலாம். அதற்கும் அறை ஏதாவதொரு சுரத்தைப் பிடித்துக்கொள்ளும். பாடவிட்டுக் கேட்டு, ஓரடி நகர்த்திப் பாருங்கள். (மார்கழிக் குளிரில் ஒலியின் வேகம் குறைந்து இந்த எண்கள் நாலைந்து ஹெர்ட்ஸ் இறங்கிவிடும் என்பது தில்லிக்காரனுக்கு மட்டும் வாய்த்த சலுகை. மின்விசிறியும் அப்போது நின்றிருக்கும்.)

முட்டைத் தட்டு ஒட்டுகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. அதை விட்டொழியுங்கள். அது ஒலியைச் சிறிது சிதறடிக்கும், உறிஞ்சாது. தெர்மாகோல் உறிஞ்சவும் உறிஞ்சாது, வெளிச்சத்தத்தைத் தடுக்கவும் தடுக்காது. ரஜாயும் வெளியே அலறும் வண்டியைத் தடுக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குக் கனத்த சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும், அல்லது இரவு பதினொரு மணி வேண்டும்.

“எதிரொலியைக் கணிப்பொறியே நீக்கிவிடுமே, செயற்கை நுண்ணறிவுக் காலமாயிற்றே!” என்பது செயற்குழுத் தோழர் ஒருவரின் வாதம். நீக்கும் மென்பொருள்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எது பாட்டு, எது சுவரின் ஒலி என்று அது ஊகிக்கத்தான் செய்கிறது. ஒப்பாரியில் வரி முடிந்தபின் வரும் இழுப்பும் விம்மலும் மூச்சுமே பாட்டின் பாதி. அந்த மெல்லிய வால் பகுதியைத்தான் அது முதலில் நறுக்கும். ஐம்பதாண்டுக்குப் பின் ஒருவன் கேட்கப்போவது பாட்டியின் விம்மலையா, மென்பொருளின் ஊகத்தையா?

இனி என் எதிர்ப்பின் மூலகாரணம். பாராபுல்லா வாய்க்கால் ஓரத்து மதராஸி முகாம் 2025 ஜூன் மாதத்தில் இடிக்கப்பட்டது. பல பதிற்றாண்டுகள் அங்கே அண்டை அயலாக வாழ்ந்த நம் மக்களில் ஒரு பகுதியினருக்கு வடகோடியில் நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது; மற்றவர்கள் கிடைத்த இடத்துக்குப் போனார்கள். ஒருத்தி எடுத்துக்கொடுக்க நால்வர் பின்பாடும் பாட்டு, நால்வரும் நான்கு திசையில் இருந்தால் எப்படி நிலைக்கும்? நாம் பதிய வேண்டிய குரல்களில் பல அவர்களுடையவை. எழுபது வயதுப் பாட்டி மூன்று வண்டி மாறி நம் விடுதிக்கு வரப்போவதில்லை, நாம்தான் போகவேண்டும். மேசைக் கணிப்பொறியைத் தலையில் சுமந்துகொண்டா போவது?

அங்கே ஒரு நன்மையும் காத்திருக்கிறது. நம் அறைதான் வெற்றுச் சுவர். குடும்பம் வாழும் வீடு பாய், தலையணை, துணிமூட்டை, கொடியில் தொங்கும் சேலை என்று நிறைந்திருக்கும். அந்த நெருக்கடி ஒலிப்பதிவுக்கு ஓர் அருங்கொடை. ஒலிவாங்கியைப் பாட்டியின் வாயிலிருந்து இரண்டடியில் வைப்பதை விட்டு அரையடிக்குக் கொண்டுவந்தால், நேர்க்குரல் 12 டெசிபெல் உயரும். அறையின் ஒலி இருந்தபடியே இருக்கும். மடிக்கணினியை ஒலிவாங்கியின் முதுகுப்புறம், கதவுக்கு அப்பால் வைத்துவிட்டால் அதன் விசிறி இரைச்சலும் போயிற்று. ஆற்றல் மிக்க பொறிக்குச் சூடும் அதிகம், விசிறியும் அதிகம் என்பதைச் செயற்குழு எண்ணிப் பார்க்கட்டும்.

திருச்சியில் பிறந்து கல்கத்தாவில் பணியாற்றிய சி. வி. இராமன், மிருதங்கத்தின் மேலொலிகள் இசைச்சுரங்களாக அமைவது வலந்தலையின் கரிய வட்டத்தால்தான் என்று 1920-இல் ‘நேச்சர்’ இதழில் காட்டினார். அவ்வாய்வுக்கு அவரிடம் கணிப்பொறி இருக்கவில்லை!

ஆதலால் தீர்மானத்திற்கு நான் தரப்போகும் திருத்தம் இது. ‘புதிய மேசைக் கணிப்பொறி’ என்ற சொற்களை நீக்கி, ‘ஒலிவாங்கி ஒன்று, ஒலிப்பெட்டி ஒன்று, பயணச் செலவு, பாடுவோர்க்கு மதிப்பூதியம்’ என்று சேர்க்க வேண்டும். மடிக்கணினி என்னுடையதைத் தருகிறேன். வழிமொழிய ஒருவர் தேவை. கூடவே, விடுதி அறையில் சோதனைப் பதிவு செய்துபார்க்க மூன்று ரஜாய்கள் வேண்டும். ஒன்று என்னிடம் இருக்கிறது. மற்ற இரண்டையும் கொடுக்க முன்வருவோர் கூட்டத்திற்கு முன்பே செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.