கடல் யாரையும் போகச் சொல்லவில்லை

வடசென்னை மூலக்கொத்தளத்தில் அண்மையில் நடந்த ஒரு கூட்டத்தில் படித்த மனிதர் ஒருவர் எழுந்து நிதானமாகப் பேசினார். பூமி சூடாகிறது, கடல் உயர்கிறது, மீன்களும் பறவைகளும் இடம்பெயர்கின்றன, மனிதனும் இடம்பெயர்வதுதான் இயற்கை என்றார். ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரையோரத்தில் இருக்கும் குப்பங்களை நகரத்தின் தெற்கே பாதுகாப்பான அடுக்குமாடிகளுக்கு மாற்றுவதே அறிவியலும் கருணையும் சேர்ந்த முடிவு என்றார். வடசென்னையில் நிலமே இல்லை, இங்கேயே சுடுகாட்டு நிலத்தை எடுத்துத்தானே வீடு கட்ட வேண்டியிருந்தது என்றும் கேட்டார். கைத்தட்டல் கிடைத்தது.

அவர் பெயர் இங்கே தேவையில்லை. இதே பேச்சை அரசு அறிக்கைகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் நகரத் திட்டக் கருத்தரங்குகளிலும் பல வாய்கள் பேசுகின்றன. அக்கறையின் குரலில் வரும் இந்தப் பேச்சு பொய்யின் மேல் நிற்கிறது. அதைப் பொய் என்றே சொல்கிறேன்.

கடலில் இருந்தே தொடங்குவோம். கடல் உயர்கிறது என்பது உண்மை. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. உயரும் வேகமும் கூடிக்கொண்டே போகிறது. ஆனால் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் கடல் தின்றது சில நூறு மீட்டர் நிலம். தெருக்கள், கோயில்கள், வலை காயப்போட்ட மணல்வெளிகள் எல்லாம் போயின. ஒரு சாண் உயர்ந்த நீர் இத்தனை நிலத்தைத் தின்னுமா? தின்னும் என்றால் சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே அதே கடல் ஏன் மெரினாவை விரித்துக் கொடுத்தது? ஒரே வங்காள விரிகுடா, ஒரே கடல்மட்டம், ஒரே வெயில். துறைமுகச் சுவருக்குத் தென்புறம் மணல் குவிகிறது, வடபுறம் மணல் இல்லாமல் கரை சரிகிறது. இதற்கு விளக்கம் துறைமுகத்தில்தான் இருக்கிறது.

வங்கக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சில மாதங்கள் மட்டும் எதிர்த்திசையில் திரும்பும். 1870களில் கட்டத் தொடங்கிய சென்னைத் துறைமுகத்தின் கல்சுவர் இந்த மணலோட்டத்தைக் குறுக்கே மறித்தது. அதற்கு முன் கோட்டையின் மதிலுக்குப் பக்கத்திலேயே அலை அடித்துக்கொண்டிருந்தது. சுவர் எழுந்தபின் தெற்கே உலகம் வியக்கும் கடற்கரை வளர்ந்தது. வடக்கே போய்ச் சேர வேண்டிய மணல் போகவில்லை. வடசென்னை மீனவன் இழந்த கரைதான் மெரினாவில் மணலாகக் கிடக்கிறது. அங்கே காற்று வாங்கப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. நகரத்தைத் திட்டமிடுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் 'கடல் உயர்கிறது' என்று சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். கடல்மேல் வழக்குப் போட முடியாதே!

பிறகு என்ன செய்தார்கள்? கரை நெடுகக் கல் கொட்டினார்கள், கடலுக்குள் நீளும் கற்சுவராகத் தூண்டில் வளைவு போட்டார்கள். ஒரு குப்பத்தின் முன்னால் வளைவு போட்டால் அதற்கு வடக்கே உள்ள குப்பத்தில் கரை சரியும். அங்கேயும் கல் கொட்டினால் அடுத்த குப்பம். இப்படியே அரிப்பு எண்ணூர்ப் பக்கம் நகர்ந்தது. கல் கொட்டிய கரையில் படகு ஏற்ற முடியாது, வலை காயவைக்க முடியாது, கடலாமை ஏறி முட்டையிடவும் முடியாது. மனிதனையும் விலங்கையும் ஒரே கல்லால் விரட்டியிருக்கிறோம். பங்குனி ஆமை வந்து தேடும் மணலே வடசென்னையில் பல இடங்களில் இல்லை. மிச்சமிருக்கும் மணலும் சூடேறினால் முட்டைக்குள் இருப்பவை பெரும்பாலும் பெண்குஞ்சுகளாகவே பொரியும், ஏனென்றால் ஆமைக் குஞ்சின் பாலைத் தீர்மானிப்பது கூட்டின் வெப்பம். வெப்பமாதல் செய்யும் கேடு இது. அதை நான் மறுக்கவில்லை. கல்லைக் கொட்டியவர்கள் தங்கள் பங்கையும் வெப்பமாதலின் தலையில் ஏற்றுவதைத்தான் மறுக்கிறேன்.

மீன்கள் நகர்கின்றன என்றார் அவர். ஆம், நகர்கின்றன. 1980களின் நடுப்பகுதிவரை பெரும்பாலும் மேற்குக் கரையில் மட்டுமே கிடைத்த மத்தி பின்னர் மன்னார் வளைகுடாவுக்கும் தமிழகத்தின் கிழக்குக் கரைக்கும் வந்து சேர்ந்தது. காணாங்கெளுத்தி மேல்நீரை விட்டு ஆழத்துக்கு இறங்கிப் பழகுகிறது. நம் காசிமேட்டு ஏலத்தில் சங்கரா என்று விற்கும் மீனைப் பற்றி மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சென்னைக் கடலிலேயே 2004 வரை இருபது ஆண்டுகளுக்கு மேலான தரவுகளை ஒப்பிட்டார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான வெப்ப மாதங்களில் முட்டையிடுவது குறைந்து, அக்டோபருக்குப் பிந்தைய குளிர் மாதங்களுக்கு அது தள்ளிப்போயிருப்பதைக் கண்டார்கள்.

இந்தச் செய்தியிலிருந்து கிடைக்க வேண்டிய முடிவு என்ன? கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மீன் தன் பேறுகாலத்தை மாற்றிக்கொண்டால் தடைக்காலத்தையும் ஆராய்ந்து திருத்த வேண்டும். மீன் ஆழத்துக்குப் போனால் பெரிய விசைப்படகு பின்தொடர்ந்து போகும்; ஃபைபர் படகில் சிறு எஞ்சின் வைத்துத் தொழிலுக்குப் போகிறவன் டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கடன்பட்டுக் கரையிலேயே நிற்பான். அவனுக்கு என்ன வழி என்று யோசிக்க வேண்டும். நம் அறிஞரோ மீன் நகர்ந்துவிட்டது, ஆகவே மீனவனே நீயும் நகர் என்கிறார். மீன் நகர்வது தனக்கு ஏற்ற வெப்பநிலையைத் தேடி. நகரின் தெற்கே செம்மஞ்சேரி அடுக்குமாடியில் எந்த மீனைத் தேடி இவன் போவான்?

விலங்குகள் எல்லாம் தாமாகவே இடம்பெயர்கின்றன என்பதும் தவறு. எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காட்டுப் பக்கத்திலும் மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று அழைக்கும் ஒரு சிப்பி பரவிக் கிடக்கிறது. தென்னமெரிக்காவில் பிறந்த இனம் அது. கப்பல்கள் நிலைகொள்வதற்காக வயிற்றில் நிரப்பிவந்து துறைமுகத்தில் கொட்டும் நீர்வழியே வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். ஆற்றின் அடியில் பாய் விரித்ததுபோல அது படிந்துகொள்கிறது. இறால் மேய்வதற்குச் சேறில்லை, நாட்டு மட்டி வளர்வதற்கு இடமில்லை. கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடித்தவர்களின் காலையும் கையையும் அதன் ஓடு கிழிக்கிறது. இது இயற்கையான இடப்பெயர்வு என்று எந்த அறிவியல் சொல்கிறது?

அடுத்தது 'பாதுகாப்பான இடம்'. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு தயக்கமும் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு காசிமேடு, ராயபுரம் பகுதி மக்களைத் திருவொற்றியூர் கார்கில் நகரில் தற்காலிகக் கொட்டகைகளில் வைத்தார்கள். அந்தக் கொட்டகைகள் 2005-இல் தீக்கிரையாயின. பின்னர் பல குடும்பங்களைச் செம்மஞ்சேரிக்கு அனுப்பினார்கள். விடியுமுன் காசிமேட்டு ஏலத்தில் கூடை எடுக்க வேண்டிய பெண்ணை ஏறக்குறைய முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தார்கள். முதல் பேருந்து வருவதற்குள் ஏலம் முடிந்துவிடும். பலர் அந்த வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பிவந்து கரையோரத்தில் வாடகைக்கு ஒண்டினார்கள். அவர்களைத்தான் 'வீட்டை விற்றுவிட்டு வந்தவர்கள்' என்று நகரம் ஏசியது.

செம்மஞ்சேரி பாதுகாப்பாக இருந்ததா? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு அருகில், தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் இறங்கும் தாழ்நிலத்தில் அது இருக்கிறது. 2015 வெள்ளத்தில் மூழ்கியது. அதற்குப் பிந்தைய பெருமழைகளிலும் அங்கே தண்ணீர் நின்றது. கடலிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று அழைத்துப்போய் வெள்ளத்தில் வைத்தார்கள். அந்தச் சதுப்பு பறவைகளின் வீடு. 2022-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கும் அளவுக்கு மதிப்புள்ளது. அதைச் சுற்றி மென்பொருள் வளாகமும் குப்பைமேடும் மறுகுடியிருப்பும் எழுந்ததில் பறவைக்குரிய நீர்ப்பரப்பு சுருங்கியது. விரட்டப்பட்ட மனிதனைக் கொண்டே பறவையை விரட்டிய திட்டத்துக்குப் பெயர் கருணையாம்!

நிலம் இல்லை என்ற கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அது எங்கள் ஊரைத் தொட்டுக் கேட்ட கேள்வி. மூலக்கொத்தளம் சுடுகாடு, 1939-இல் மொழிப்போரில் உயிர்நீத்த நடராசனும் தாளமுத்துவும் உறங்கும் இடம். அதன் ஒரு பகுதியில் அடுக்குமாடி எழுப்ப முனைந்தபோது இங்கே எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பு நியாயமானது என்று இன்றும் நினைக்கிறேன். வாழ்கிறவனுக்கு வீடு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. செத்தவனின் ஆறடியைத் தவிர வடசென்னையில் வேறு நிலமே கண்ணில் படவில்லை என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. அனல்மின் நிலையத்தின் சாம்பல் குட்டைக்கு நிலம் கிடைத்தது. நிலக்கரிக் குவியலுக்கும் எண்ணெய்க் கிடங்குக்கும் கன்டெய்னர் அடுக்கவும் கிடைத்தது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,100 ஏக்கருக்கு மேல் விரிக்கத் திட்டம் போட முடிந்தது. அதில் கடலிலேயே மண் கொட்டி நிலம் உண்டாக்குவதும் அடக்கம். அதுவும் எங்கே? கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் நடுவே இருக்கும் ஒல்லியான மணல்திட்டில்.

இங்கேதான் அவருடைய வாதம் முழுதாக விழுகிறது. கடல் உயர்ந்து கரை வாழத் தகாத இடமாகிறது என்றால், அந்தக் கரையில் துறைமுகத்தை எப்படி விரிப்பீர்கள்? 800 மெகாவாட் அனல்மின் அலகை 2024-இல் அத்திப்பட்டில் எப்படித் திறந்தீர்கள்? குப்பத்துக்கு ஆபத்தான கடல் கம்பெனிக்கு ஆபத்தில்லாமல் போனது எப்படி? வடசென்னை அனல்மின் நிலையம் எரிக்கும் நிலக்கரியின் புகைதான் வானைச் சூடாக்குகிறது. அதன் சாம்பல்தான் ஆண்டுக்கணக்காக எண்ணூர்க் கழிமுகத்தைத் தூர்த்து வெள்ளம் வடிய வழியில்லாமல் செய்தது. காரணமும் விளைவும் ஒரே ஆற்றங்கரையில் இருக்கின்றன. காரணம் இருக்கும் இடத்திலேயே இருக்கலாம், விளைவை அனுபவிப்பவன் மட்டும் கிளம்ப வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் மணலிப் பக்கத்திலிருந்து சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் வெள்ளத்தோடு கொசஸ்தலையாற்றில் கலந்தது. குப்பத்து வீடுகளின் சுவரில் கறுப்புக் கோடு படிந்தது. கூழைக்கடாக்கள் இறக்கை முழுக்க எண்ணெயோடு தத்தளித்தன. அந்த எண்ணெயை மீனவர்கள் படகில் போய் வாளியால் மொண்டார்கள். பெருமழையை வெப்பமாதல் இன்னும் கடுமையாக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் மூச்சுத்திணறி ஓடினார்கள். அன்று புயலும் இல்லை, வெள்ளமும் இல்லை.

இடம்பெயர்ந்தால் போவது வீடு மட்டுமல்ல. பழவேற்காட்டில் பாடு என்ற முறை இருக்கிறது. எந்த ஊரார் எந்த நாளில் எந்த நீர்ப்பரப்பில் வலை போடலாம் என்பதைத் தலைமுறைகளாகத் தங்களுக்குள் முறைவைத்துப் பிரித்துக்கொண்ட உரிமை அது. அதற்குப் பட்டா இல்லை. அந்த நீரை விட்டு வெளியேறினால் அந்த உரிமை செத்துவிடும். அடுக்குமாடியில் நான்காம் மாடிச் சாவியைக் கொடுத்து அதை ஈடுசெய்துவிட்டதாக யாரும் சொல்ல வேண்டாம்.

அலை வாசலுக்கு வந்துவிட்ட குடும்பங்களுக்கு மாற்று வீடு வேண்டும், உடனே வேண்டும். அது அவர்கள் கரையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், துறைமுகமும் மின்வாரியமும் பிடித்துவைத்திருக்கும் நிலத்தில் அமைய வேண்டும். கழிமுகத்தில் படிந்த சாம்பலை அள்ளுங்கள். தெற்கே தேங்கும் மணலை வடக்கே கொண்டுவந்து கொட்டுங்கள். காட்டுப்பள்ளி விரிவாக்கத்தைக் கைவிடுங்கள். இவற்றைச் செய்துவிட்டுக் குப்பத்துக்கு வாருங்கள்; இடம்பெயர்வதைப் பற்றி அதன்பின் பேசலாம்.