ஓம் கணக்கும் ஆங்கில மயக்கமும்

மின்னியலைத் தமிழிற் கற்பித்தல் இயலாது என்று வழக்காட வருவோர் முதற்கண் தூக்கிக் காட்டுவது ஓம் விதியையே. "வோல்டேசு, கரண்டு, ரெசிசுடன்சு, பவர் – இவற்றைத் தமிழாக்கினால் கணக்கு எங்ஙனம் வரும்? உலகம் கற்கும் மொழியிற் கற்பதன்றோ அறிவுடைமை?" என்பது அன்னார் வினா. பள்ளி முடியும்வரை தமிழிற் படித்த மாணவனைக் கல்லூரி வாயிலில் தலைகுனிய வைப்பது இவ்வினாவே. ஆதலின் இதனை வேரிலேயே ஆராய்தல் வேண்டும்.

ஓம் விதி எம்மொழியிற் பிறந்தது? ஆங்கிலத்திலன்று. செருமனி நாட்டு எர்லாங்கன் நகரிற் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாக 1789-இற் பிறந்த சியார்சு சைமன் ஓம், கொலோன் நகரப் பள்ளியொன்றிற் கணக்கும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். மின்கலங்கள் நிலைத்த ஓட்டம் தாராமையால், இருவேறு மாழைகளின் இணைப்புமுனைகளுள் ஒன்றைப் பனிக்கட்டியிலும் மற்றொன்றைக் கொதிநீரிலும் வைத்து நிலையான மின்னூற்றைப் பெற்றார். பல்வேறு நீளமுள்ள கம்பிகளில் அதனைச் செலுத்தி, அளந்து அளந்து கண்ட உண்மையை 1827-இற் பெர்லினில் நூலாக வெளியிட்டார். அந்நூல் அவர்தம் தாய்மொழியாகிய செருமானியத்தில் எழுதப்பெற்றது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்ததோ 1841-இல். இலண்டன் அரசக் கழகம் அவருக்குக் காப்ளே பதக்கம் வழங்கியதும் அவ்வாண்டிலேயே. பதினான்கு ஆண்டு பிந்திப் பிறர்மொழியிலிருந்து பெயர்த்துக்கொண்ட ஒன்றை ஆங்கிலத்தின் பிறப்புடைமை என்பாரது அறியாமையை என்னென்பது! ஆங்கிலேயர் பெயர்த்துக்கொண்டால் அறிவு. தமிழர் பெயர்த்துக்கொண்டால் மொழிவெறியோ?

குறியெழுத்துகளின் வரலாறும் அத்தகையதே. மின்னோட்டத்திற்கு 'ஐ' என்னும் எழுத்தை இடுகின்றனர். ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து 'சி' ஆயிற்றே. 'ஐ' எங்கிருந்து வந்தது? ஓட்டத்தின் செறிவைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஓம் தம் நூலில் இட்ட எழுத்துகளோ எசு, ஏ, எல் என்பன. இன்றைய செருமானியப் பிள்ளை மின்னழுத்தத்தை 'யு' என்றே எழுதுகின்றது. 'வி' என எழுதாமையால் அதன் கணக்குப் பிழைத்ததில்லை. வேண்டுவோர் அ, ஓ, த என்று இடுக. உலகக் குறிகளையே கொள்வோர் கொள்க. அது பெரும்பூசலுக்கு உரியதன்று. பூசல் சொல்லைப் பற்றியது.

'வோல்டேசு' என்பது யாது? வோல்ட்டா என்னும் இத்தாலிய அறிஞரின் பெயரோடு ஓர் ஈறு ஒட்டிய சொல். கேட்ட அளவில் அதனாற் பொருள் விளங்குமோ? மின்னழுத்தம் என்றதும் உந்துவது ஒன்று உண்டென்பது உள்ளத்திற் படும். ஓட்டம் ஓடுவது, தடை தடுப்பது, திறன் ஒரு நொடியில் நிகழும் வேலையின் அளவு. ஏரியில் நீர்மட்டம் உயர உயர மதகிற் பாய்ச்சல் மிகுவதையும், வாய்க்கால் குறுகக் குறுகப் பாய்ச்சல் தளர்வதையும் கண்டு வளர்ந்த உழவன் மகனுக்கு இச்சொற்களே பாடத்திற் செம்பாதியைக் கற்பித்துவிடும். செருமானியர் மின்னோட்டத்தை ஆற்றொழுக்கைக் குறிக்கும் தம் சொல்லாலேயே வழங்குகின்றனர். ஈழத்தமிழரும் தம் பள்ளிகளின் உயர்வகுப்பு வரை ஓட்டம், தடை, வலு என்றே கற்று வருகின்றனர்.

இனிக் கணக்கைக் காண்க. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. அவ்விரண்டையும் பெருக்கினால் மின்திறன். இவ்வளவே. வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட்டு. தேய்ப்புப்பெட்டி 5 ஆம்பியர் ஓட்டத்தை இழுக்கின்றது. எனவே தடை 46 ஓம். திறன் 1150 வாட்டு. இடைவிடாது ஒரு மணிநேரம் சூடேறி நின்றால் 1.15 அலகு மின்னாற்றல் செலவாகும். மாலையில் அழுத்தம் 184 வோல்ட்டாகத் தாழ்கின்றது என்க. பெட்டியினுள் இருக்கும் கம்பிச்சுருளின் தடை பெரிதும் மாறாமையின், 184-ஐ 46-ஆல் வகுக்க ஓட்டம் 4 ஆம்பியர். திறன் 736 வாட்டு. அழுத்தம் குறைந்தது ஐந்திலொரு பங்கே. திறனோ மூன்றிலொரு பங்கினும் மிகுதியாகக் குறைந்துவிட்டது! அழுத்தம் குறையவே ஓட்டமும் உடன்குறைந்தது. இருகுறைவும் பெருக்கலிற் கூடின. துணியின் சுருக்கம் நீங்காமைக்கு விடை இதுவே. (பழைய இழை விளக்கில் இக்கணக்கு இத்துணை நேராக வாராது, சூடேற அதன் இழையின் தடை பன்மடங்கு உயரும். மின்னோடிக்குத் திறன்காரணியாலும் பெருக்குதல் வேண்டும்.)

'வி பை ஐ' என்று நெட்டுருப் போட்டவன் தேர்வுத்தாளில் விடை எழுதிவிடுவான். 2000 வாட்டு வெந்நீர்க் கொதிகலத்தை 6 ஆம்பியருக்கென அமைந்த செருகுவாயிற் செருகலாமா என்று அவனைப் பெற்றவள் வினவினால் என் செய்வான்? 2000-ஐ 230-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 8.7 ஆம்பியர். செருகுவாய் கருகும், கம்பி சூடேறி உறை உருகும், வீடும் தீப்பற்றக்கூடும். கணக்கு நாவில் இருந்தும் கருத்து உள்ளத்தில் இல்லாதவன் 'ஆகட்டும், செருகு' என்பான். பொருள் விளங்காச் சொல்லைத் திணித்தோர் இதற்கு விடை கூறுவரா?

2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழிப் பொறியியற் கல்வியைத் தொடங்கியபோது, குடிசார் பொறியியலும் எந்திரப் பொறியியலுமே அதில் இடம்பெற்றன. மின்னியல் வெளியே நின்றது. பள்ளிப் பாடநூலில் மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை, மின்திறன் என்று ஐயமறக் கற்றவன், அதே 46 ஓமை வேற்றுமொழியில் மறுபடியும் முதலிலிருந்து கற்கவேண்டுமாம். இயலாது என்போர், மேற்கண்ட கணக்கில் தமிழால் விளங்காத வரி எது என்று சுட்டிக் காட்டுக.